உஷார்! நுவரெலியாவிலிருந்து சைக்கிளில் இறங்கப் போகிறீர்களா?

லபுக்கலைக்குக் கீழே ஒரு முடக்கில் ஒரு பையன் என் கண் முன்னாலேயே விழுந்தான். வளைவு திரும்ப முடியாமல் நேராக மண்திட்டில் மோதி நின்றான். இடப்பக்கம் திட்டு இருந்ததால் பிழைத்தான். அடுத்த முடக்கில் அந்தப் பக்கம் வெறும் பள்ளம். ஓடிப்போய்த் தூக்கினேன். ரப்பர் கருகும் வாசம் மூக்கில் ஏறியது. சக்கரத்து ரிம்மில் விரலை வைத்தவன் சுரீரென்று இழுத்துக்கொண்டேன். பிரேக் கட்டை தேய்ந்து, உள்ளே இருந்த இரும்பு பளபளத்தது.

யாழ்ப்பாணத்துப் பையன். கூட்டாளிகள் மூன்று பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். கண்டியிலிருந்து இரண்டு நாள் மிதித்து ஏறி, ஒரு இரவு தங்கி, அதே பாதையில் இறங்குகிறார்கள். "ஏறேக்க ஒண்டும் நடக்கேல்லையே அண்ணை" என்றான், முழங்கையில் இரத்தத்தைத் துடைத்தபடி.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலைநாட்டுக்குச் சைக்கிளில் வருகிற எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மாதக்கணக்காகக் காலைப் பழக்குகிறார்கள், குளுக்கோஸ் வாங்குகிறார்கள், கியர் மாற்றுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் பிரேக் போனால் இறங்கவே முடியாது.

கணக்கைப் பாருங்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரம்பொடை நீர்வீழ்ச்சி 945 மீற்றரில். நடுவில் ஏறத்தாழ 900 மீற்றர் இறக்கம். ஆள், சைக்கிள், பின்னால் கட்டிய பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காணும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். ஒயிலில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் என்றால் ஒயில் கொதித்து, லீவரை எவ்வளவு இழுத்தாலும் வெறுமனே கைப்பிடியோடு போய் ஒட்டும்.

பயத்தில் எல்லோரும் செய்கிற தவறு, மேலிருந்து கீழ்வரை பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது. அதுதான் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். முடக்குக்கு முன்னாலேயே நேர் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். குறைந்ததும் விட்டுவிடுங்கள், காற்றுப் படட்டும். முடக்குக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை அமுக்கினால் ஈரத்தில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். நாலைந்து கிலோமீற்றருக்கு ஒருதடவை நின்று ஆறவிடுங்கள். அவசரத்தில் கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது கோணிப்போகும். மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. முதலில் தண்ணீரை வழித்துத் தள்ளி, பிறகுதான் கவ்வும். அந்த ஒரு நொடியில் நீங்கள் பல மீற்றர் போய்விடுவீர்கள்.

பஸ்களுக்கே இந்த மலை ரோட்டுகளில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டோமா? 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் போனார்கள். அதன் பிறகுதான் கனரக வாகனங்களுக்கு அங்கே தடை வந்தது. ஆனால் கைபேசி வரைபடம் "கிட்டிய வழி" என்று சைக்கிள்காரனை அந்தச் செங்குத்தான வீதிக்கே அனுப்புகிறது. நீலக் கோட்டுக்குச் சரிவு தெரியாது. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அது இந்தப் பையன் இறங்கிக்கொண்டிருந்த அதே நுவரெலியா–கம்பளை வீதி. நாலு மாதம் கழித்து, செப்டம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக எல்லவுக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்குவதுதான் சைக்கிள்காரர்கள் விரும்புகிற வழி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பிரேக் சரியாக இருக்கலாம். எதிரே முடக்கில் வருகிறவனுடைய பிரேக்குக்கு யார் பொறுப்பு? அதனால் எந்த முடக்கிலும் நடுக்கோட்டைத் தாண்டி வெட்டாதீர்கள். ரம்பொடைச் சுரங்கத்துக்குள் நுழையுமுன் பின்விளக்கைப் போடுங்கள். அதன் நீளம் 225 மீற்றர்தான், ஆனால் வெளிச்சத்திலிருந்து போகிற கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

பனிமூட்டம் வேறு. காலையில் கண்ணாடிபோலத் தெரிந்த மலை, பகல் ஒரு மணிக்குப் பிறகு பத்தே நிமிடத்தில் மூடிக்கொள்ளும். பகல் இரண்டு மணிக்குமேல் இறக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை நான் எனக்கே சட்டமாக வைத்திருக்கிறேன். மாலையில் நானுஓயாவைப் பிடித்துவிடலாம் என்று தலவாக்கலையில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எப்போது வருவது? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை அடித்து ஊற்றும். ஒக்டோபர், நவம்பரில் எங்கும் பின்னேர இடிமழை. டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை ராகலை, வலப்பனை, வெலிமடைப் பக்கம் திரும்பும். மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆனால் அப்போது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக் வரை ஹற்றன்–நல்லதண்ணி வீதியில் இரவு முழுக்க பஸ் ஓடும். விடியற்காலையில் திரும்புகிற சாரதிகளின் கண்ணில் தூக்கம் நிற்கும். அந்த நேரத்தில் அந்த வீதியில் சைக்கிளோடு நிற்காதீர்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கே வராதீர்கள் என்றுதான் சொல்வேன். வாகனத்துக்கே இடமில்லை.

மண்சரிவைப் பற்றிச் சொல்லும்போது கை நடுங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை நம் சனம் மறக்காது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மலையகத்தில் வீதிகளை அறுத்தது, ரயில் பாதையையும் உடைத்தது. நனைந்து இளகிய மலை ஒரு வெயிலில் இறுகிவிடாது. "முடியாவிட்டால் சைக்கிளை ரயிலில் ஏற்றிவிடலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள், ரயில் அந்தப் பகுதிக்கு ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், அதாவது அவதானம், 100 என்றால் அபாயம், 150 என்றாலோ ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு, சனத்தையே வெளியேறச் சொல்வார்கள். சைக்கிள்காரன் மஞ்சள் எச்சரிக்கையிலேயே பயணத்தை நிறுத்த வேண்டும். சிவப்பு வரும்வரை காத்திருக்க அவனுக்கு என்ன வீடா வாசலா அங்கே? ரோட்டில் புதுவெடிப்பு, திட்டிலிருந்து சொரியும் சின்னக் கல், திடீரெனச் சேறாக வரும் ஊற்று, சாய்ந்த மரம், இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்புங்கள். "தாண்டிவிடலாம்" என்று மிதிக்காதீர்கள்.

ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் வந்தபிறகு, தோட்டத்து ரோட்டுகளிலும் சைக்கிள்கள் தெரிகின்றன. சந்தோஷம்தான். ஆனால் அது முதலில் நடக்கிறவர்களுக்கான பாதை. நிழல் விழுகிற கொங்கிரீட் துண்டுகளில் பச்சைப் பாசி படிந்திருக்கும். ஓரத்தில் மூடியில்லாத கான். சில இடங்களில் கொழுந்துச் செடி கானை மறைத்து நிற்கும், சக்கரம் விழுந்தபிறகுதான் தெரியும்.

குளவியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவிக்கொட்டில் உயிரை விடுகிற ஊர் இது. பாறை முகட்டிலும் பெரிய மரக் கொப்பிலும் கறுப்பாகத் தொங்குகிற கூட்டுக்குக் கீழே இளைப்பாறவோ படம் பிடிக்கவோ நிற்காதீர்கள். மலையில் வேலை செய்கிறவர்கள் கத்திக்கொண்டு ஓடினால் காரணம் கேட்காமல் நீங்களும் ஓடுங்கள், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு. சைக்கிள் கிடக்கட்டும். பல கொட்டுப் பட்டவரை வெறும் வீக்கம் என்று விடாமல் உடனே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ கொண்டுபோக வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்தத்துக்கு 117. இரண்டையும் கைபேசியில் மட்டுமல்ல, சைக்கிள் கம்பியில் ஒரு துண்டுத் தாளிலும் ஒட்டிவையுங்கள். மழையில் நனைந்த கைபேசி எத்தனை தடவை கைவிட்டிருக்கிறது!

அந்தப் பையனுக்கு வருகிறேன். நாலு பேரிடமும் டியூப் இருந்தது, பம்ப் இருந்தது, படம் பிடிக்கிற ட்ரோன் கூட இருந்தது. மாற்றுப் பிரேக் கட்டை ஒரு ஜோடி கிடையாது. மற்ற மூன்று சைக்கிளையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றின் கட்டையில் அரை விரற்கடை கூட மிச்சமில்லை. கம்பளைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறியை மறித்து, லீக்ஸ் மூட்டைகளுக்கு மேலே நாலு சைக்கிளையும் போட்டு அனுப்பினேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

லொறி போய்க் கால் மணி நேரம் இருக்கும். பனி இறங்கியது. அவன் மோதிய மண்திட்டைப் பார்க்கத் திரும்பினேன். திட்டும் தெரியவில்லை, முடக்கும் தெரியவில்லை. கீழே எங்கேயோ ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.