வீட்டுக் கணினியும் கூடத்துத் தொலைக்காட்சியும்

இல்லத் திருமணத்தின் வீடியோ கணினியில் இருக்கிறது. பார்க்க விரும்பும் பெரியவர்களோ கூடத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே ரௌட்டரில் இணைந்திருந்தால் பென்டிரைவுடன் அலைய வேண்டியதில்லை.

விண்டோஸ் கணினியில் வீடியோக்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதனைப் பகிர்வுக்குத் திறந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியில் வி.எல்.சி. செயலியை நிறுவினால், உள்வலைப் பட்டியலில் அக்கணினியைக் காணலாம்.

ஆனால், வாசலைத் திறந்தால் காவலும் வேண்டுமன்றோ? இப்பகிர்வை நடத்துவது எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை. அதன் முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே, 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் நாசநிரல் பல நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. பழைய தொலைக்காட்சிக்காக அம்முதற்பதிப்பை உயிர்ப்பிக்காதீர்கள். கடவுச்சொல்லுடன் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, ‘படிக்க மட்டும்’ அனுமதி அளியுங்கள். குழந்தையின் விரல் தவறிப் பட்டாலும் வீடியோ அழியாது. ரௌட்டரில் 445ஆம் போர்ட்டை வெளியுலகிற்குத் திறக்கவே கூடாது. பகிர்வு என்பது பாதுகாப்புப் பிரதியன்று. வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு படி இருக்கட்டும்.

நம் வீட்டுப் பெண்மக்களின் முகங்கள் அவ்வீடியோக்களில் உள்ளன. அவை அமானிதம்! கூடத்தில் கண்டு மகிழ்வோம்; தெருவுக்கு விடாதிருப்போம்.