மெத்தை நோகும், தோல் தாங்கும்: சைக்கிள் சீற் தெரிவு செய்வது எப்படி?

சைக்கிள் ஓட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளில்தான் போனோம். முன்பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனைவி, கைபிடியில் இரண்டு பை என்று மைல் கணக்கில் மிதித்தவர்கள் இன்று லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருடைய வீட்டில், "சீனி கூடியிருக்கிறது, உடம்பைக் கொஞ்சம் அசையுங்கள்" என்று வைத்தியர் சொன்னதால் வாங்கிய சைக்கிள், நாலு தரம் ஓடியபின் தோட்டத்துக் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடக்கிறது.

காரணம் கேட்டால் குளிர், மழை, நேரமில்லை என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வெட்கம். இருக்கிற இடம் நோகிறது. சிலருக்கு விறைத்தும் போகிறது. "வயது போய்விட்டது, இனி எங்களுக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் வயதில் பிழையில்லை, சீற்றில்தான் பிழை. அதைத் திருத்தலாம்.

மெத்தை ஏன் நோகிறது?

ஒரு மரக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பாருங்கள். இடமும் வலமுமாக இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். இருக்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கவேண்டியவை இவைதான். இவற்றுக்கு நடுவில் உள்ள மென்மையான பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அது பாரம் தாங்குவதற்கான இடம் அல்ல.

கடையில் விரலால் அமத்திப் பார்த்து, "நல்ல மெதுமை" என்று நாங்கள் வாங்கும் ஜெல் சீற்றில் இந்த எலும்புகள் புதைந்துபோகின்றன. அவை புதைய, நடுவில் உள்ள மெத்தை மேலெழுந்து அந்த மென்மையான பகுதியை நெருக்குகிறது. முதல் பத்து நிமிடம் சுகம், அரை மணித்தியாலத்தில் விறைப்பு. சீற் மிக அகலமாக இருந்தால் தொடையும் உரஞ்சும். கிட்டத்திலுள்ள கடைக்குப் போய்வர அது போதும். ஆனால் வேலைக்கு ஐந்தாறு மைல் ஓடுபவருக்கும் நாள் முழுக்க உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கும் போதாது. மின்சார சைக்கிள் ஓடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். காலால் அழுத்தி மிதிப்பது குறையக் குறைய, உடம்பின் பாரம் சீற்றில் கூடும்.

தோல் சீற் வேலை செய்யும் விதம்

பழைய முறைத் தோல் சீற்றில் மெத்தையே கிடையாது. ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்பான மாட்டுத்தோலை முன்மூக்கிலும் பின்பக்க இரும்புத் தகட்டிலும் றிவெற் ஆணியால் அறைந்து, இடையில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரு முனையிலும் கட்டிய ஏணை பிள்ளையின் உடம்புக்கு ஏற்ப வளைவதைப் போல, இந்தத் தோலும் பாரம் விழும் இடத்தில் மட்டும் மெல்ல மெல்லப் பதிந்துகொடுக்கும். தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல் என்பதால் உடற்சூட்டிலும் ஈரப்பதத்திலும் உருவம் மாறும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டதும் இந்த வகை முறைதான். சில மாதங்களில் இரண்டு எலும்புக்கும் இரண்டு சிறு பள்ளம் விழுந்துவிடும். அதன்பின் அந்தச் சீற் உங்களுடைய உடம்புக்கு மட்டுமே உரியது. கணவனின் சீற் மனைவிக்கும், தகப்பனின் சீற் மகனுக்கும் பொருந்தாது.

இந்தச் சீற்றுகளில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் புறூக்ஸ். ஜோன் போல்ற்பி புறூக்ஸ் என்பவர் 1866 இல் பேர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோல் பொருட்களும் செய்யத் தொடங்கினார். அவருடைய குதிரை செத்துப்போக, இரவல் சைக்கிளில் வேலைக்குப் போய், அதன் சீற் தந்த நோவில்தான் புதிய சீற் செய்ய முனைந்தார் என்பது அந்தக் கொம்பனி சொல்லும் கதை. 1882 இல் முதல் காப்புரிமை கிடைத்தது. அங்கு செய்யும் பி17 என்ற வகை நூறு வருடங்களுக்கு மேலாக உருவம் அதிகம் மாறாமல் வருகிறது. 2002 முதல் கொம்பனி இத்தாலியின் செல்லே றோயல் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஊரில் ஐயாமார் பொன்போலத் துடைத்து வைத்திருந்த றலி, ஹம்பர், றட்ஜ் சைக்கிள்கள் எல்லாம் இங்கிலாந்தில் இருந்து வந்தவை. அந்த வகைச் சைக்கிள்கள் பலவற்றில் பூட்டப்பட்டதும் புறூக்ஸ் தோல் சீற்தான். புறூக்ஸ் மட்டும்தான் என்றில்லை. பிரான்சின் பெர்தூ, நெதர்லாந்தின் லெப்பர் போன்றவையும் இதே முறையில் செய்யப்படுபவை.

அளவெடுப்பது எப்படி?

செருப்புக்குக் கால் அளவு பார்ப்பதுபோல சீற்றுக்கும் அளவு உண்டு. பெட்டி செய்யும் நெளிவு மட்டையில் ஒரு துண்டை மரக் கதிரையில் வைத்து, மெல்லிய உடுப்போடு அதன்மேல் இருங்கள். சற்று முன்னுக்குச் சாய்ந்து, குதிக்காலைத் தூக்கி, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழும்பிப் பார்த்தால் மட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 100 முதல் 150 மில்லிமீற்றருக்குள் வரும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்றுக் கூட. ஆள் மெலிவா பருமனா என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. பருமனான ஒருவரின் எலும்புகள் கிட்டக்கிட்ட இருக்கலாம்.

எலும்புகள் இரண்டும் தோலின் மேல் விழவேண்டும், பின்பக்க இரும்புத் தகட்டின் மேல் விழக்கூடாது. ஆகவே சீற்றின் மொத்த அகலம் உங்கள் அளவைவிட ஒன்று முதல் இரண்டு அங்குலம் கூடியிருக்கவேண்டும்.

அடுத்தது நீங்கள் இருக்கும் விதம். ஹொலண்ட் சைக்கிள்போல நிமிர்ந்து இருந்து ஓடினால் முழுப் பாரமும் சீற்றில்தான். அதற்கு அகலமான, ஸ்பிரிங் பூட்டிய சீற் பொருந்தும். புறூக்ஸில் பி67 இந்த வகை, ஏறக்குறைய 205 மில்லிமீற்றர் அகலம். சற்று முன்னுக்குச் சாய்ந்து ஓடுபவருக்கு 175 மில்லிமீற்றர் அளவான பி17 போதும். குனிந்து வேகமாக ஓடுபவருக்கு இன்னும் ஒடுக்கமானது வேண்டும். பெண்களுக்கென்று மூக்கு கட்டையான வகையும் உண்டு.

பூட்டியபின் செய்யவேண்டியவை

நல்ல சீற்றையும் பிழையாகப் பூட்டினால் நோகும். முதலில் உயரம். சீற்றில் இருந்து, பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்கவேண்டும். பின்பு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடியும். அதுதான் சரி. அடுத்தது சரிவு. தோல் சீற் நடுவில் பதியும் என்பதால் மூக்கை மட்டமாக அல்லது இம்மியளவு உயர்த்தி வையுங்கள். முன்னுக்கு வழுக்கிக் கைகளில் பாரம் விழுந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். முன்பக்கம் அமத்தினால் கொஞ்சம் தாழ்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓடிப் பார்க்கவேண்டும்.

புதுத் தோல் பலகைபோல இருக்கும். முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடாதீர்கள். சிலருக்கு நூறு மைலில் பழகும், சிலருக்கு அதைவிடப் பல மடங்கு பிடிக்கும். அளவு பிழையானால் எத்தனை மைல் ஓடியும் பழகாது. தடித்த தையல் உள்ள ஜீன்சும் நோவுக்கு ஒரு காரணம். உடுப்பை மாற்றியும் பாருங்கள்.

மழையும் எண்ணெயும்

நாங்கள் வாழும் நாடுகளில் தோல் சீற்றின் முதல் எதிரி மழை. அடிப்பக்கத் தோல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் பின்சில்லுக்குக் கட்டாயம் மட்காட் வேண்டும். வெளியில் நிறுத்தினால் ஒரு பொலித்தீன் பையால் மூடினாலே போதும். நனைந்துவிட்டால் துடைத்து, வீட்டுக்குள் தானாகக் காயவிடுங்கள். ஹீற்றருக்கு மேல் வைத்தால் தோல் வெடிக்கும். ஊறிய சீற்றில் ஏறி ஓடினால் தோல் இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதையும் பூசவேண்டாம். தோல் அளவுக்கு மிஞ்சி இளகும். இதற்கென்று விற்கும் மெழுகை வருடத்தில் சில தரம் மெல்லியதாகப் பூசித் துடைத்தால் போதும். தோல் தொய்ந்தால் மட்டும் மூக்குக்கு அடியிலுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கலாம். அதற்குமேல் ஒரேயடியாக இறுக்கினால் தோல் கிழியும்.

வாங்குமுன்

புதிய பி17 ஏறக்குறைய நூறு பவுண்ஸ் அல்லது யூரோ வரும். சிறிய தொகை இல்லை. ஆனால் பேணினால் பல பத்து வருடம் உழைக்கும். பழையது வாங்குவதானால் ஆணிகளைச் சுற்றித் தோல் வெடித்திருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா, அடிக்கம்பி வளைந்திருக்கிறதா, இறுக்கும் நட்டில் இன்னும் புரி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுத்தோலில் இருக்க மனம் ஒப்பாதவர்களுக்கு, புறூக்ஸ் 2013 முதல் றப்பரும் பருத்தித் துணியும் சேர்த்துச் செய்யும் கேம்பியம் வகை இருக்கிறது. அதுவும் இழுத்துக் கட்டிய ஏணை முறைதான். பழக்கவேண்டியதில்லை, மழைக்கும் பயமில்லை.

கடைசியாக, வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டிய ஒன்று. நோவு வேறு, விறைப்பு வேறு. புதுச் சீற்றில் எலும்பு முனைகள் சில நாள் நோவது வழமை. நடுப்பகுதி விறைப்பது நரம்பு நெரிபடுகிறது என்பதற்கான அறிகுறி. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பெடலில் எழும்பி நில்லுங்கள், சரிவைத் திருத்துங்கள். இறங்கியபின்னும் விறைப்புப் போகாவிட்டால், அல்லது ஒவ்வொரு முறையும் வந்தால், ஓடுவதை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு நோவே தெரியாமல் புண் வரலாம். அவர்கள் ஓடியபின் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பூட்டி ஓடிப் பார்த்து, பொருந்தாவிட்டால் சில கிழமைக்குள் திருப்பித் தரலாமா என்று காசு கொடுக்குமுன் கடையில் கேளுங்கள். சில கடைகள் சம்மதிக்கும். சைக்கிளைக் கொட்டிலில் இருந்து வெளியே எடுக்குமுன் மட்டையில் அளவெடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும், செலவும் இல்லை.