மூச்சில் மடங்கும் கை

பள்ளி விடுமுறை விட்ட அன்றே ஜொகூர் பாருவில் பஸ் ஏறிவிட்டேன். முந்தின இரவு தம்பி ஒரு வரி அனுப்பியிருந்தான். "அக்கா, சனிக்கிழமை பௌர்ணமி, தண்ணி நல்லா ஏறும். தூண்டில் போடப் போவோமா?" இரண்டரை வருடமாகத் தூண்டில் என்ற சொல்லே அவன் வாயில் வந்ததில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு பண்டமாரானில். கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெர்சியாரான் ராஜா மூடா மூசா சாலையில் இரவு பகல் பார்க்காமல் கன்டெய்னர் லோரிகள் ஓடும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1972இல் பெயர் மாறிய பிறகும் அவருக்கு அது கடைசிவரை போர்ட் சுவெட்டன்ஹாம்தான். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை என்னை முன்னாலும் தம்பியைப் பின்னாலும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் ஹராப்பானுக்குப் போவார். கப்பல்கள் வடக்குத் துறைக்குள் நுழைவதைப் பார்த்தபடி மூவரும் கற்கள் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவோம்.

கிள்ளான் கடலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசப்படும். மத்தியானம் சேறாகக் கிடந்த இடம் சாயங்காலம் ஆள் மூழ்கும் ஆழம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். "தண்ணி திரும்புற அரை மணி நேரம்தான் மீனுக்குப் பசி. அப்ப முள்ளு தண்ணியில இல்லன்னா, நாள் பூரா உக்காந்தும் பிரயோசனம் இல்ல" என்பார் அப்பா.

தம்பி துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்த்தான். ஒரு விடியற்காலை மழையில் வீடு திரும்பும்போது மோட்டார் சறுக்கியது. வலது தோள் முதலில் தரையில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. சாதாரண ஆண்டுகளில் மலேசியச் சாலைகளில் 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போகிறவர்கள். பிழைத்தவர்களின் கணக்கு நம் பேச்சில் வருவதே இல்லை. என் தம்பி பிழைத்தவர்களில் ஒருவன்.

காறை எலும்பு முறிந்திருந்தது, தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. கிள்ளினால் தெரியாது. ஆனால் உள்ளே இருபத்து நாலு மணி நேரமும் நெருப்பு எரிகிறது என்பான். தொட்டால் தெரியாத கை எப்படி வலிக்கும் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. உண்மையில் அன்று யாருக்கும் புரியவில்லை.

பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, காறை எலும்புக்கு அடியில் பின்னிப் பிணைந்து கைக்குள் இறங்குகின்றன. கையின் அசைவும் உணர்ச்சியும் இந்தப் பின்னல் வழியாகத்தான். மோட்டாரிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் இழுபட்டால் இந்த நரம்புகள் நீளும். வெறுமனே நீண்டிருந்தால் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே உயிர் வரும். நடுவில் அறுந்திருந்தால் தானாக வராது, ஒட்டுப் போட வேண்டும். வேரே தண்டுவடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அதைத் திரும்ப நட முடியாது. தண்டுவடத்தோடு தொடர்பு அறுந்ததால் வருகிற வலிதான் அந்த நெருப்பு. தம்பிக்கு வேர்களே பிடுங்கியிருந்தன.

இதை நாங்கள் தெரிந்துகொண்டது விபத்து நடந்து நாலாவது மாதம். அதற்கு முன்னால் ஒரு கிளினிக்கில் "பொறுங்க, வரும்" என்றார்கள். வீட்டிலும் அதையேதான் சொன்னோம். உருவிவிடுகிற ஒரு பெரியவரிடம் வாரம் இரண்டு முறை கூட்டிப் போனோம். எண்ணெய் தடவி உருவினால் நரம்பு ஒட்டிக்கொள்ளும் என்று நானும் நம்பினேன், படித்தவள், ஆசிரியை. ஒரு நாள் பிசியோதெரபி செய்த பெண்தான் கேட்டார், "நரம்புக்கு மின் பரிசோதனை எடுத்தாச்சா?" எடுக்கவில்லை. மூன்று, நாலு வாரத்திலேயே எடுத்திருக்கலாம்.

அப்பா சொன்ன அரை மணி நேரம் நரம்புக்கும் உண்டு. தொடர்பு அறுந்த தசை ஒன்று, ஒன்றரை வருடத்தில் நாராகிப் போகும். பிறகு எந்த நரம்பைக் கொண்டுவந்து இணைத்தாலும் அசையாது. அறுந்த நரம்பு வளர்வதோ நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு மூன்று செண்டிமீட்டர். அது தசையைப் போய்ச் சேரும்போது தசை உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் அறுவை தேவைப்படுகிறவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்துவிடப் பார்க்கிறார்கள். மூன்று மாதம் காத்திருப்பது நியாயம், தானாக வருகிறதா என்று பார்க்க. அதற்குள் அசைவு வரவில்லை என்றால் அடுத்த நாளே கை நரம்பு நிபுணர் முன்னால் நிற்க வேண்டும். மோட்டாரில் விழுந்து கை தொங்கிப்போன பையன் ஒருவன் உங்கள் தெருவில் இருந்தால் இந்தப் பத்தியை அவன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

சொந்தக்காரர்கள் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். இந்த வகை அறுவைக்குப் பெயர் பெற்ற இடம்தான். விசாரித்தபோது கோலாலம்பூரிலேயே செய்கிறார்கள் என்று தெரிந்தது. ஐந்தாவது மாதம் முடிவதற்குள் அறுவை நடந்தது. கழுத்து வேர்களால் பயனில்லை என்பதால், விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் மூன்றை எடுத்துத் திருப்பி, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார்கள். நாம் மூச்சு இழுக்கும்போது மார்பை விரிக்க உதவுகிற நரம்புகள் அவை. மோட்டார் விபத்துகள் மிகுந்த ஜப்பான், தைவான், தாய்லாந்து போன்ற நாடுகளில் நன்றாக வளர்ந்த வித்தை இது.

ஏழு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் தும்மினான், புஜத்தில் சதை துடித்தது. அம்மா சாமி அறைக்கு ஓடினார். அப்புறம் ஆழமாக மூச்சை இழுத்தால் சதை இறுகும், மூச்சை விட்டால் தளரும். மூளைக்கு அந்த நரம்பு இன்னும் மூச்சு நரம்புதான். 'கையை மடக்கு' என்று சொன்னால் அதற்குப் புரியாது, 'மூச்சை இழு' என்றால் கை மடங்கும். ஒரு நாள் பேசிக்கொண்டே கையை மடக்குவான், அன்றைக்கு மூளை கற்றுக்கொண்டது என்று அர்த்தம் என்றார் பிசியோதெரபி பெண். பேசுகிறவன் மூச்சை இழுத்துப் பிடிக்க முடியாதே.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பற்றியும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக்குள் அடிபட்டால் மட்டும்தான் சொக்சோ கொடுக்கும் என்று தம்பி நினைத்திருந்தான், நம்மில் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்தும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கும். போலீஸ் புகார், மருத்துவ விடுப்புச் சீட்டு, அன்றைய வேலை வருகைப் பதிவு, வந்த வழியின் வரைபடம் எல்லாம் வேண்டும். விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு, கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அந்த வெள்ளியில்தான் வீடு ஓடியது. 2014இல் மலாக்கா ஆயர் குரோவில் சொக்சோ திறந்த மறுவாழ்வு மையத்துக்கும் அனுப்பினார்கள். அங்கே தங்கி இடது கையால் எழுத, ஒரே கையால் சட்டைப் பித்தான் போட, சப்பாத்து நாடா கட்டக் கற்றுக்கொண்டான். 2007இல் தொடங்கிய 'வேலைக்குத் திரும்பும்' திட்டத்தில் அதே கிடங்கில் கணக்குப் பதிவு வேலை கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் தஞ்சோங் ஹராப்பானில் இறங்கினோம். அப்பாவின் பழைய தூண்டில் கம்புதான். இடுப்பு வாரில் ஒரு குழாயைத் தைத்து, கம்பின் அடியை அதில் செருகிக்கொண்டான். இடது கையால் வீசினான். பிறகு மூச்சை இழுத்தான். வலது முழங்கை மெல்ல மடங்கி, கம்பை மார்போடு அணைத்துக்கொண்டது. இடது கை ரீலைச் சுற்றியது. தங்கூஸ் நூலைப் பல்லால் கடித்து முள்ளைக் கட்டினான். உயிர் இறாலைக் கோர்க்க மட்டும் என்னிடம் நீட்டினான். "இது மட்டும் ஒத்தக் கையில வழுக்குதுக்கா."

இரண்டு கெலாமா சிக்கின, விரல் நீளம்தான், விட்டுவிட்டோம். சாயங்காலம் தண்ணீர் அசையாமல் நின்றது. திரும்பப் போகிறது என்று இருவருக்கும் தெரியும். பேசவில்லை. கம்பு நுனி வெடுக்கென்று வளைந்தது. தம்பி திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுத்தான். இழுத்த மூச்சில் கை தானாகவே இறுகிக் கம்பைப் பிடித்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மீனை இல்லை.

வந்தது செம்பிலாங். ஊர்ப்பக்கம் இருங்கெளுத்தி என்பார்களே, அந்த இனம். முதுகில் ஒன்றும் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று விஷமுள். கற்கள் மேல் துள்ளிய மீனை அமுக்கப் போய்த் தம்பி சரிந்தான். எழுந்து சிரித்தான். "எவ்ளோ பெருசு பாருக்கா!" நான் மீனைப் பார்க்கவில்லை. அவன் வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. முள் உள்ளேயே ஒடிந்து நின்றது. மற்றவர்கள் என்றால் ஊரைக் கூட்டிக் கத்தியிருப்பார்கள், செம்பிலாங் குத்தின வலி அப்படி. அவனுக்குத் தெரியவே இல்லை.

"கைடா! கையப் பாருடா!" என்று கத்திக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குச் சுடுதண்ணீர் வாங்க ஓடப்போனேன். செம்பிலாங் குத்தினால் பொறுக்கிற சூட்டில் கையை முக்கிவைப்பது அப்பா செய்துவந்த வைத்தியம், சூட்டில் அந்த விஷம் வீரியம் இழக்கும் என்பது மருத்துவமும் ஒப்புக்கொள்கிற உண்மை. தம்பி தடுத்தான். "வேணாங்க்கா. இந்தக் கைக்குச் சுடுறதும் தெரியாது. மலாக்காவுல சொல்லியிருக்காங்க, வெந்து போயிரும்." உணர்ச்சி இல்லாத கைக்கு நாள்தோறும் ஒரு காவல் வேண்டும். அடுப்பு, கதவு இடுக்கு, மோட்டாரின் புகைக்குழாய், எல்லாமே அதற்கு ஆபத்து. குளிக்கும் தண்ணீரைக்கூட இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்றிக்கொள்கிறானாம். இதெல்லாம் எனக்குப் போனில் சொல்லாதவை. நல்ல தண்ணீரால் கழுவி, துணியைச் சுற்றி, கிளினிக்குக்குப் போனோம். முள்ளை எடுத்து, ஏற்பு ஊசி போட்டார்கள். அந்த அரை மணி நேரமும் தம்பி மீன் பையை இடது கையை விட்டு இறக்கவில்லை.

இரவு அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தார். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு தம்பி கதை சொன்னான். தண்ணீர் நின்றது, கம்பு வளைந்தது, மீன் இழுத்த இழுப்பு, அக்கா போட்ட கூச்சல் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். "எவ்ளோ நீளம்னு நெனைக்கிற?" என்று இடது கையைத் தூக்கினான். கட்டுப் போட்ட வலது கையும் முழங்கை மடங்கி அதோடு மேலே வந்தது. பேச்சு நிற்கவில்லை. "இவ்ளோம்மா, பொய் இல்ல, அக்காவக் கேளு, இவ்ளோ..."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.