சாமையில் கிடக்கும் மணல்

சிறுதானியத்தை ஆசையாக வாங்கிப்போய் ஒருமுறை சமைத்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கமே போகாத வீடுகள் நம் ஊர்களில் உண்டு. காரணம் கேட்டால், ருசியைக் குறை சொல்பவர்களைவிட வாயில் நறநறவென்று மணல் கடிபட்டதைச் சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு கவளத்தில் கல் கடிபட்டால் போதும், அடுத்த கவளத்தை நாக்கு பயந்து பயந்துதான் வாங்கும். சாமையையும் தினையையும் வரகையும் மறுபடி அன்றாடச் சாப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சமையல் குறிப்புகளுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது, உமி நீக்கும் ஆலையின் வாசலில் நிற்கிற சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பற்றித்தான்.

நெல்லில் கல் பொறுக்குவதற்கும் சாமையில் கல் பொறுக்குவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆயிரம் நெல்மணிகளை நிறுத்தால் பல ரகங்களில் 20 கிராமுக்கு மேல் வரும். ஆயிரம் சாமை மணிகள் 2 கிராமிலிருந்து இரண்டரை கிராம்வரைதான். அந்தச் சிறு மணிக்குப் பக்கத்தில் 1.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மணலை வைத்தால், அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சாமையின் உமி பழுப்பும் சாம்பலுமாக இருப்பதால் நிறமும் கைகொடுக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கிலோ சாமையில் 4 லட்சம் மணிகளாவது இருக்கும். எடையில் 1 விழுக்காடு மணல் கலந்திருக்கிறது என்று கொள்வோம். அது வெறும் 10 கிராம். ஆனால் எண்ணினால் 2,000 மணலுக்கு மேல். இயந்திரம் அதில் 99 விழுக்காட்டை நீக்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 20 மணல் கிடக்கும். கால் கிலோ சமைத்தால் தட்டுகளில் 5 கல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது தேர்வில் அருமையான மதிப்பெண். சோற்றுக்கு அது தோல்வி. மூட்டையை இயந்திரத்தில் இரண்டாம் முறையும் ஓட்டுகிற ஆலைக்காரரை வீண்வேலை செய்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது.

இத்தனை மணல் எங்கிருந்து வருகிறது? கதிரில் மணல் விளைவதில்லை. மண் களத்தில் போட்டு மாடு மிதிக்கவிட்டோ, தடியால் அடித்தோ, தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறி இறங்கவிட்டோ மணியை உதிர்க்கிறோம். அப்புறம் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறோம். அந்தக் கடைசிக் கூட்டலில்தான் தரை மூட்டைக்குள் ஏறுகிறது.

ஆலைக்கு வந்த மூட்டை முதலில் ஏறுவது கிரேடர் என்ற சலிக்கும் இயந்திரத்தில். கொட்டும் தொட்டியின் வாயிலேயே ஒரு காந்தத்தைப் பொருத்தியிருந்தால் ஆணி, கம்பித் துண்டு, அறுவடை இயந்திரத்தின் கழன்ற திருகு எல்லாம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கிரேடருக்குள் இரண்டு சல்லடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கின்றன. மேல் சல்லடையின் கண்கள் மணியைவிடக் கொஞ்சம் பெரியவை. வைக்கோல் துண்டும் சரளையும் மேலேயே தங்கி வெளியேறிவிடும். கீழ்ச் சல்லடையின் கண்கள் மணியைவிடச் சிறியவை. தூள் மணலும் நுண்ணிய களை விதையும் ஒழுகிப்போக, மணி மேலே நிற்கும். சல்லடைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் சிறு சிறு ரப்பர் பந்துகள் துள்ளிக்கொண்டிருப்பது தெரியும். (இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டும் கையை விடுங்கள்.) கண்களில் சிக்கிய மணியைக் கீழேயிருந்து தட்டித் தட்டி விடுவிப்பது அந்தப் பந்துகளின் வேலை. அவை தேய்ந்தோ தொலைந்தோ போனால் அரை மணி நேரத்தில் பாதிக் கண்கள் அடைத்துக்கொள்ளும். சல்லடை வெறும் தகரமாகிவிடும்.

சாமை முடிந்து தினை ஓட்ட வேண்டுமென்றால் சல்லடையைக் கழற்றி மாற்ற வேண்டும். வரகுக்கு வேறு, குதிரைவாலிக்கு வேறு. ஒரே சல்லடையைப் போட்டு எல்லாத் தானியத்தையும் ஓட்டுகிற ஆலையில் அரைபட்ட சாமைக்குக் கல் உத்தரவாதம்.

சல்லடையிலிருந்து இறங்கும் மணித்திரையின் குறுக்கே ஒரு விசிறி காற்றை இழுக்கிறது. பதர், கருக்காய், தூசு, சருகுத் துண்டு எல்லாம் காற்றோடு போய்விடும். முன்பு களத்தில் காற்று வரும்வரை காத்திருந்து கூடையை உயர்த்தித் தூற்றிய வேலைதான் இது. விசிறியைச் சுழற்றித் தானியம் தூற்றும் இயந்திரம் சீனாவில் ஹான் பேரரசுக் காலத்திலேயே இருந்தது. அங்கே கல்லறைகளில் வைத்த சுடுமண் பொம்மைகளில் அதன் உருவம் கிடைத்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிக் காற்றை வரவழைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் யாரோ, அவர் நெடுநேரம் காற்றுக்காகக் காத்திருந்த உழவராகத்தான் இருக்க வேண்டும்.

இதுவரை எளிது. இரண்டு சல்லடைகளின் கண்ணளவுகளுக்கும் நடுவே, சாமை மணியின் அளவிலேயே இருக்கிற மணல் இன்னும் மணியோடுதான் கிடக்கிறது. அதைப் பிரிக்க மிஞ்சியிருக்கும் ஒரே பிடி அடர்த்தி.

அடர்த்தியைக் கொண்டு கல் நீக்கும் வித்தை நம் அடுப்படிகளில் பழையது. அரிக்கன்சட்டியைப் பார்த்திருப்பீர்கள்: உட்புறம் வரி வரியாக வெட்டியிருக்கும். தண்ணீரில் அரிசியைப் போட்டு லேசாகச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் வரிப்பள்ளத்தில் தங்கிவிடும். மணலின் அடர்த்தி தண்ணீரைப் போல் 2.65 மடங்கு, உமியோடு கூடிய சாமைக்குச் சுமார் 1.25 மடங்கு. தண்ணீருக்குள் இரண்டும் தாம் விலக்கிய நீரின் எடையை இழக்கின்றன. மணலுக்கு 1.65 மிஞ்சும், சாமைக்கு 0.25 மட்டுமே. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். உமி நீக்கிய அரிசிக்கு இந்த இடைவெளி சற்றுக் குறையும் என்றாலும், கைப்பழக்கம் உள்ளவருக்கு அது தாராளம்.

காற்றில் அந்தச் சலுகை இல்லை. காற்று அவ்வளவு லேசானது என்பதால் எதன் எடையையும் அது குறைப்பதாகச் சொல்ல முடியாது. 2.65-க்கு 1.25, அதாவது வித்தியாசம் இரண்டு மடங்குதான். மேலும் ஒரு மணி காற்றில் எழும்புமா விழுமா என்பது அடர்த்தியை மட்டும் பொறுத்ததல்ல, அளவையும் பொறுத்தது. பருமன் குறையக் குறைய, எடையைவிடக் காற்று மோதும் பரப்பின் பங்கு ஓங்கிவிடும். ஆகவே சாமை மணியில் பாதிக் குறுக்களவுள்ள மணல், காற்றோட்டத்தில் சாமை மணியைப் போலவே நடந்துகொள்ளும். இயந்திரத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. முதலில் சல்லடை, அப்புறம்தான் காற்றால் கல் நீக்கும் டீஸ்டோனர் என்ற வரிசைக்கு இதுவே காரணம். சல்லடை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், பின்னால் வரும் காற்றுக்கு அடர்த்தி ஒன்றுதான் வித்தியாசமாகத் தெரியும். கிரேடரில் சோம்பல் காட்டிவிட்டு டீஸ்டோனரைக் குறைசொல்லும் ஆலைகள் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்படியானால் ஆலையிலும் தண்ணீரிலேயே அரிக்கலாமே என்று கேட்கலாம். கோதுமை மாவு ஆலைகளில் ஒரு காலத்தில் கழுவிக் கல் நீக்கும் இயந்திரங்கள் இருக்கத்தான் செய்தன. தண்ணீர்ச் செலவும், கழிவுநீரை எங்கே விடுவது என்ற தொல்லையும், ஈரத்தில் பெருகும் கிருமியும் அவற்றை ஓரங்கட்டிவிட்டன. சாமையை நனைத்தால் மறுபடி காயவைக்க வேண்டும். காயவைக்க மறுபடி அதே களம்.

டீஸ்டோனரின் உயிர், மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய ஒரு தட்டு. தட்டு முழுக்கக் கம்பிவலை. அல்லது மேட்டை நோக்கி உதடு விரிந்த சிறு துளைகள். கீழேயிருந்து விசிறி காற்றை ஊதுகிறது. தட்டு ஒரு சீரான வேகத்தில் மேட்டுப்பக்கமாக வெட்டி வெட்டி ஆடுகிறது. தானியத்தைத் தட்டின் மேல் விட்டவுடன் அந்த அடுக்கு காற்றில் லேசாகப் பூத்துப் பொங்கிய பாலைப் போல நிற்கும். மணிகள் தட்டைத் தொட்டும் தொடாமலும் மிதப்பதால், தட்டின் ஆட்டம் அவற்றைப் பிடிக்காது. சரிவில் வழுக்கிக் கீழ் வாய்க்கு வந்துவிடும். கல்லை அந்தக் காற்றால் தூக்க முடியாது. அது அடுக்கின் அடியில் இறங்கித் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததைத் தட்டின் ஒவ்வொரு வெட்டும் சற்றே மேலே தள்ளும். சற்று நேரம் உற்றுப் பார்த்தால், இறங்கிவரும் மணிகளுக்கு அடியில் கற்கள் எதிர்த்திசையில் மேட்டில் ஊர்ந்து ஏறுவது தெரியும். பள்ளத்தில் தானியம், மேட்டில் கல். மேட்டு முனை குறுகிவரும். அங்கே எதிர்க்காற்று ஒன்று வீசி, கல்லோடு தவறி ஏறிவந்த மணிகளைத் திருப்பி அனுப்பும்.

கோட்பாடு இவ்வளவுதான். ஓட்டுவது தனிக் கலை. காற்று கூடினால் கல்லும் தளர்ந்து மணியோடு கீழே வந்துவிடும். காற்று குறைந்தால் மணியும் தட்டில் படிந்து கல்லோடு மேலே ஏறிப் போகும். ஒன்று கடிபடும், மற்றொன்று நட்டம். விசிறியின் பெல்ட் கொஞ்சம் தளர்ந்தாலே காற்று மாறிவிடும். தட்டின் ஒரு மூலையில் தானியம் இல்லாமல் வெறுமையாகிவிட்டால் காற்றெல்லாம் அந்த எளிய வழியாகப் போய், மற்ற இடத்தில் அடுக்கு அமுங்கிவிடும். ஆகவே தொட்டியில் தானியம் தீர விடக் கூடாது. தட்டு முழுக்கப் போர்த்தியது போல் மூடியிருக்க வேண்டும். ஓட்டம் ஆரம்பித்து முதலில் விழுவதையும், முடியும்போது கடைசியில் விழுவதையும் நல்லதென்று நம்பாமல் மறுபடி தொட்டியில் போடுகிறவர் தொழில் தெரிந்தவர். அவர் அடிக்கடி பார்ப்பது நல்ல தானியம் விழும் வாயை அல்ல, கல் விழும் வாயைத்தான். கையில் ஒரு பிடி ஏந்திப் பார்ப்பார். அதில் கல்லோடு நாலைந்து மணியாவது இருந்தால் திருப்தி. மணியே இல்லாமல் சுத்தமாகக் கல் மட்டும் விழுந்தால், கொஞ்சம் கல் கீழ் வாய் வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட்டு விசிறியின் காற்று ஷட்டரைச் சற்று மூடுவார்.

இதையெல்லாம் உமி நீக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். சிறுதானிய ஹல்லர்களில் பெரும்பாலானவை மணியை வேகமாகச் சுழலும் சக்கரத்தில் வீசிச் சுவரில் மோதவிட்டு உமியை உடைப்பவை. மணியோடு போகும் மணலும் அதே வேகத்தில் மோதும். சக்கரத்தையும் சுவரையும் அது உள்ளே இருந்தே அரித்துத் தின்னும். மோதி உடைந்த கல் இன்னும் பொடியாகி நொய்யோடு நொய்யாகக் கலந்துவிடும். அதன் பிறகு எந்தச் சல்லடையாலும் அதைப் பிடிக்க முடியாது. மணிகள் ஒரே அளவில் இருந்தால்தான் உமி ஒழுங்காகக் கழலும் என்பதால், கிரேடரில் செலவழித்த நேரம் ஹல்லரிலும் திரும்பக் கிடைக்கும். ஒரு ஊரில் சிறுதானிய ஆலை வைக்கப் பணம் ஒதுக்கும்போது, ஹல்லரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிரேடரையும் டீஸ்டோனரையும் “பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிவைப்பது எனக்குச் சற்றும் ஏற்பில்லை. ஆலையின் பெயரைக் கெடுப்பதும், அந்தத் தானியத்தின் பெயரைக் கெடுப்பதும் அந்தப் “பிறகு”தான்.

இயந்திரங்களிடம் எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. காய்ந்த மண்ணாங்கட்டி கல்லைவிட லேசு. மணியைவிடச் சற்றுக் கனம்தான் என்பதால் காற்றை ஏமாற்றிவிடும். வயலில் கூடவே வளர்ந்த புல்லின் விதை அளவிலும் அடர்த்தியிலும் சாமைக்கு உடன்பிறப்பு. அதை வயலிலேயே பிடுங்கினால்தான் உண்டு. பூஞ்சணம் இன்னும் ஆபத்து. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த வரகில் வளரும் பூஞ்சணம் நஞ்சை உண்டாக்கும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தன. அவற்றின் உடலில், வரகில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் சைக்ளோபியசானிக் அமிலம் என்ற நஞ்சு இருந்ததைச் சோதனை காட்டியது. எந்தச் சல்லடைக்கும் எந்தக் காற்றுக்கும் அந்த நஞ்சு அகப்படாது. நனைந்து கறுத்த வரகை ஆலைக்குள்ளேயே விடாமல் வாசலில் திருப்பி அனுப்புவது ஒன்றே வழி.

மணலுக்கும் மண்ணாங்கட்டிக்கும் வாசலுக்கு முன்பே ஒரு வழி இருக்கிறது. கதிரைத் தார்ப்பாயில் போட்டு அடித்து, தார்ப்பாயிலேயே காயவைத்து, அதன் நான்கு மூலைகளையும் தூக்கிச் சாக்கில் சரித்துவிட்டால் துடைப்பத்துக்கு வேலையில்லை. தரை மூட்டைக்குள் ஏறாது. அந்த மூட்டைக்கும் தார்ச்சாலையில் கூட்டி அள்ளிய மூட்டைக்கும் ஆலை ஒரே விலை கொடுத்தால், தார்ப்பாய் வாங்க யாருக்கும் மனம் வராது. மூட்டையைப் பிரித்து ஒரு படி அள்ளித் தண்ணீரில் அரித்து, அடியில் தங்கிய மணலை விற்கவந்தவர் கண்முன்னே நிறுத்துக் காட்டி, அதற்கேற்ப விலை சொல்ல ஆலைக்கு ஒரு தராசும் ஒரு அரிக்கன்சட்டியும் போதும்.