சொத்து வரியில் நூலகத்துக்கும் பங்கு: ரூபாய்க்கு 10 பைசா எங்கே போகுது? பதிலுக்கு என்ன கிடைக்கும்?

வீட்டுக்கு வரும் சொத்து வரி ரசீதை முழுசா படிச்சுப் பார்த்திருக்கீங்களா? அதில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலகங்களுக்காக வசூலிக்கப்படுகிறது. 2,000 ரூபாய் சொத்து வரி என்றால், நூலகத்துக்கு 200 ரூபாய்.

அதாவது நூலகம் பக்கமே போகாதவர்களும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க. அந்தப் பணம் எங்கே போகுது? அதற்குப் பதிலாக மக்களுக்கு என்னென்ன சேவைகள் கிடைக்கும்? பார்க்கலாம்.

நூலக வரி எப்படி வந்தது?

1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது இதுதான் முதல் முறை. இதற்குப் பின்னால் முக்கியமாக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நூலகம் யாரோ கொடுக்கும் நன்கொடையை நம்பி இருக்கக்கூடாது, அதற்கென்று நிலையான வருமானம் வேண்டும் என்பதுதான் நூலக வரியின் அடிப்படை.

பணம் யார் கைக்குப் போகுது?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு சேர்த்து இதை வசூலிக்கின்றன. பிறகு அந்தந்த நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். புத்தகம், நாளிதழ், கட்டட வாடகை, மின்கட்டணம் போன்ற செலவுகளுக்கு இந்த நிதிதான் கைகொடுக்கிறது.

சிக்கலும் இங்கேதான். மக்களிடம் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய நேரத்தில் செலுத்தாமல் பாக்கி வைப்பதாகப் பல ஆண்டுகளாகப் புகார் இருக்கிறது. பாக்கி ஏற ஏற, கூரை ஒழுகும் கிளை நூலகம், புதுப் புத்தகம் வராத அலமாரி என்று பாதிப்பு கடைசியில் வாசகர் தலையில்தான் விழுகிறது.

என்னென்ன சேவைகள் கிடைக்கும்?

பொது நூலக இயக்ககத்தின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. உட்கார்ந்து படிப்பதற்குக் கட்டணம் கிடையாது. சிறிய காப்புத் தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினரானால் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். முகவரிச் சான்றோடு போனால் போதும்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி, வங்கித் தேர்வு புத்தகங்கள் பல நூலகங்களில் தனிப் பிரிவாகவே இருக்கின்றன. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

2010-ல் திறக்கப்பட்ட சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லி பிரிவு, குழந்தைகள் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கும் பிரிவு எல்லாம் உண்டு. தென் மாவட்ட மக்களுக்காக மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்டது.

நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்கு?

நூலகம் மக்களைத் தேடிப் போவது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 1931-லேயே மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது.

அதே எண்ணத்தின் இன்றைய வடிவம்தான் 'நூலக நண்பர்கள்' திட்டம். முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், மருத்துவமனையில் இருப்பவர்கள் என நூலகம் வரை வர முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவார்கள். உங்க வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா பாட்டிக்கு வாசிக்க ஆசை இருந்தால், அருகில் உள்ள நூலகரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. தன்னார்வலராகச் சேர விரும்பினாலும் அவரிடமே பேர் கொடுக்கலாம்.

பொதுமக்கள் எப்படிப் பங்கெடுக்கலாம்?

வாசகர் வட்டம்: பல நூலகங்களில் வாசகர்களே சேர்ந்து நடத்தும் குழு இது. புத்தக அறிமுகம், குழந்தைகளுக்குக் கதை சொல்லல், கோடை விடுமுறைப் பயிற்சி எல்லாம் இதன் மூலம் நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க நல்ல இடம்.

புரவலர்: குறிப்பிட்ட தொகை செலுத்தி நூலகத்தின் புரவலராகச் சேரலாம்.

நூலக வார விழா: ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும். கண்காட்சி, மாணவர்களுக்கான போட்டிகள், உறுப்பினர் சேர்க்கை எல்லாம் நடக்கும் என்பதால் குழந்தைகளை முதன்முறையாகக் கூட்டிப்போக ஏற்ற நேரம்.

உங்க ஊர் நூலகம் பூட்டியே கிடக்கா?

முதலில் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகங்கள் கிராம ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அவை மூடிக் கிடந்தால் கிராம சபையில் கேள்வி எழுப்பலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடும்.

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுக்கலாம். புகார் கொடுக்கும் முன் ஒரு விஷயம்: பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, வெள்ளிக்கிழமை.

உங்க ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பதையும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதைக் கேட்கலாம். தகவல் கேட்க, சொந்தப் பெயரில் வீடு இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை.