கல்லால் ஆன கட்டில்

தோழா,

மாளிகை பார்க்கப் போவோம், வா!

தயங்காதே. வாயிற்காவலன் தடியெடுத்து வரமாட்டான். "யாரடா நீ? பின்கட்டு வழியாகப் போ!" என்று அதட்டமாட்டான். காலம் மாறிவிட்டது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் போதும். பிரபு ஏறிய படிக்கட்டில் நீயும் ஏறலாம், பிரபு விருந்துண்ட மண்டபத்தில் நீயும் நிற்கலாம். நாற்காலியில் மட்டும் உட்காரக்கூடாது!

பிரிட்டனில் இப்படி மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட மாளிகைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பலவற்றைக் காத்து வருவது 1895-இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் எனும் அமைப்பு. அதன் உறுப்பினர்கள் 50 லட்சத்துக்கும் மேல். விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தோட்டத்தில் உலாவுகிறார்கள், ஓவியங்களைக் கண்டு வியக்கிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், திரும்புகிறார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் வியந்தவர்களில் எத்தனை பேர் வினவினார்கள்? அதுதான் என் கேள்வி.

அந்த மாளிகைகளில் ஒன்றே ஒன்றுக்குள் உன்னை அழைத்துப் போகிறேன். வடக்கு வேல்ஸில், பாங்கர் நகருக்கு அருகே நிற்கிறது பென்ரின் கோட்டை. தொலைவிலிருந்து பார்த்தால் 800 ஆண்டுப் பழமை என்பாய். பருத்த கோபுரம், தடித்த சுவர், வளைந்த வாயில்! ஏமாந்துவிடாதே. 1820-களில் தொடங்கி 1830-களில் முடித்த கட்டடம் அது. பழைய நார்மன் மன்னர் கோட்டை போலத் தோன்றவேண்டும் என்று டாமஸ் ஹாப்பர் எனும் கட்டடக் கலைஞர் போட்டுக் கொடுத்த வேடம். பகைவன் முற்றுகையிடாத கோட்டை! பீரங்கிக்குண்டு படாத கோட்டை! போர் நடந்தது, அது இங்கே அல்ல, சில மைல் தள்ளி. அங்கேயும் போவோம்.

முதலில் உள்ளே வா. ஒரு படுக்கையறை. அங்கே ஒரு கட்டில். தேக்கு அல்ல, தந்தம் அல்ல, சிலேட்டுக் கல்! எடை ஒரு டன். 1859-இல் விக்டோரியா மகாராணி விருந்தாளியாக வந்தபோது, அவர் துயில்வதற்கென்று ஏற்பாடு செய்தது. மகாராணி பார்த்தார், கல்லறை போல இருக்கிறது என்று படுக்க மறுத்துவிட்டார் என்கிறார்கள்.

மகாராணிக்கு அது கல்லறையை நினைவூட்டியது. அந்தக் கல்லை வெட்டியவனுக்கு? அவனை யார் கேட்டார்கள்!

நாம் பள்ளியில் எழுதிப் பழகினோமே, அதே சிலேட்டுக் கல்தான். மேலை நாட்டில் அதை மெல்லிய ஏடுகளாகப் பிளந்து கூரை வேய்ந்தார்கள். பென்ரின் பிரபுவின் குவாரி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய சிலேட்டுக் குவாரிகளில் ஒன்று. பிளந்த ஓடுகளுக்கு அளவுக்கு ஏற்பப் பெயர் உண்டு. என்ன பெயர் தெரியுமா? 'டச்சஸ்', 'கவுண்டஸ்', 'லேடி'. எல்லாம் சீமாட்டிகளின் பட்டங்கள்! குளிரிலும் மழையிலும் நின்று கல் பிளந்தவன் பெயர் எந்த ஓட்டிலும் இல்லை.

கல் மண்ணுக்குள் கிடந்தது. அதை வெளியே கொண்டுவர முதல் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது?

ஜமைக்காவிலிருந்து! கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள். 1782 முதல் குவாரியைப் பெருக்கிய ரிச்சர்டு பென்னன்ட், அந்தத் தோட்டங்களின் முதலாளி. லிவர்பூல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. அடிமை வாணிபத்தை ஒழிக்கவேண்டும் என்று குரல் எழுந்தபோது, கூடாது, கூடாது என்று மன்றத்திலே வாதாடியவர்.

அவருக்குப் பின் சொத்து உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ்-பென்னன்ட் கைக்கு வந்தது. கோட்டையைக் கட்டியவர் இவர்தான். 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. நட்ட ஈடும் தந்தார்கள். யாருக்கு? சவுக்கடி பட்டவனுக்கா? சங்கிலி சுமந்தவளுக்கா? இல்லை, தோழா, இல்லை! உடைமை பறிபோயிற்றே என்று உடையவனுக்குத் தந்தார்கள். மொத்தம் 2 கோடி பவுன். டாக்கின்ஸ்-பென்னன்டின் பங்கு, 764 மனிதர்களுக்காக 14,683 பவுன். கணக்குப் போட்டுப் பார், தலைக்கு 19 பவுன் சொச்சம். அந்த 764 பேருக்குக் கிடைத்தது ஒரு காசும் இல்லை. 1838 வரை, பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில், மேலும் சில ஆண்டுக் கட்டாய வேலை!

இப்போது அந்தக் கோபுரத்தை மறுபடி அண்ணாந்து பார். உயரம் தெரிகிறதா? அடித்தளம் தெரிகிறதா?

இனி, போர் நடந்த இடம். கோட்டையிலிருந்து சில மைல் தொலைவில் பெதெஸ்டா. குவாரித் தொழிலாளர் ஊர். கூட்டாகப் பாறையைப் பேசி எடுத்து வேலை செய்யும் பழைய முறையைக் காக்கவும், சங்கம் தங்களுக்காகப் பேசும் உரிமையைப் பெறவும் அவர்கள் போராடினார்கள். சங்கத்தோடு பேசமாட்டேன் என்றார் பிரபு. 1900 நவம்பர் 22. ஏறத்தாழ 2,800 பேர் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு வாரமல்ல, ஒரு மாதமல்ல, மூன்று ஆண்டுகள்!

அடுப்பு அணைந்தது, படை வந்தது. ஏராளமானோர் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள். பாடகர் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாடி நிதி திரட்டின. 1901 ஜூனில் சுமார் 400 பேர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பிரபு தந்த பரிசு, ஆளுக்கு ஒரு சவரன்! கருங்காலிக்குக் கிடைத்த கூலி!

அப்போது பெதெஸ்டாவின் வீட்டு ஜன்னல்களில் ஓர் அட்டை தோன்றியது. வேல்ஸ் மொழியில் ஒரே வரி: "இந்த வீட்டில் துரோகி இல்லை." பசித்த வீடு அது. ஆனாலும் அந்த அட்டை அங்கேயே நின்றது.

வென்றார்களா? இல்லை. மறைப்பானேன்? 1903 நவம்பரில் போராட்டம் தோற்று முடிந்தது. ஊர் இரண்டுபட்டது, அந்தக் காயம் தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. கல்தூசி நெஞ்சை அரித்துத் தொழிலாளி இருமியபோது, குவாரி மருத்துவர்களில் சிலர் தூசியின்மேல் குற்றமில்லை, இவன் காய்ச்சிக் காய்ச்சிக் குடிக்கும் தேநீர்தான் காரணம் என்றார்களாம்! அந்தத் தூசி நோய்க்கு வேல்ஸ் சிலேட்டுத் தொழிலாளர் ஈட்டுத்தொகை பெறச் சட்டம் வந்தது 1979-இல்தான்.

பிரபு மனமிரங்கிக் கதவைத் திறந்தார் என்று எண்ணாதே. வாரிசு வரிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, 1951-இல் கோட்டை நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது. கதவைத் திறந்த சாவி, வரி!

"இது வேல்ஸ்காரன் கதை, நமக்கென்ன?" என்கிறாயா? அதே வேல்ஸில் பவிஸ் கோட்டைக்குப் போ. அங்கே திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ், 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னர். அந்த ஆண்டுகளில்தான் திப்பு மாண்டார், கட்டபொம்மன் தூக்கிலே தொங்கினார், மருது சகோதரர்கள் மடிந்தனர். கிளைவ் குடும்பத்தின் இந்தியச் சேகரிப்பு அந்தக் கோட்டையில் காட்சிப்பொருள்!

2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட், தன் வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. உடனே கூச்சல்! "அழகைப் பார்க்க வந்தவனிடம் அழுகையைக் காட்டலாமா? அரசியல் பேசலாமா?" என்றார்கள். பிரபுவின் பெருமையைப் பேசினால் வரலாறு. அடிமையின் எண்ணிக்கையைச் சொன்னால் அரசியல்! நல்ல நியாயம்!

மாளிகையை இடி என்று நான் சொல்லவில்லை. இடிக்கக்கூடாது, அது நம்மவன் கைவேலை. கல் செதுக்கியவனின் திறமை அதில் இருக்கிறது. காப்பாற்றட்டும், காட்டட்டும்; ஆனால் முழுக்கதையையும் சொல்லட்டும். பெதெஸ்டாவில் சில குடும்பத்தார் அந்தக் கோட்டை வாசலை மிதிப்பதில்லை என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீ போ, தோழா. போய்க் கேள். நிலம் யாருடையது? கை யாருடையது? காசு எங்கிருந்து வந்தது? பதில் வரும்வரை கேள்.

அந்தக் கட்டிலின் எடை ஒரு டன், மகாராணிகூடப் படுக்கவில்லை. ஜன்னலில் நின்ற அட்டைக்கு எடையே இல்லை. ஆனால் ஓர் ஊரே ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கி நின்றது. எது காத்துவைக்கவேண்டிய செல்வம் என்று நீயே சொல்.