உடைந்த ஊசிக்கு ஒரு நோட்டு

திருப்பூரில் பதினெட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். பெரும்பாலும் குழந்தைகள் பனியன். என் மேஜையில் ஒரு நோட்டு கிடக்கும். தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர், பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டிய உடைந்த ஊசித் துண்டுகள். துண்டுகளைச் சேர்த்தால் முழு ஊசி வர வேண்டும். வந்தால்தான் புது ஊசி. முனை கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்களை எல்லாம் தனியே கட்டி மெட்டல் டிடெக்டரில் விட்டெடுக்க வேண்டும். கைக்குழந்தையின் கழுத்துப்பட்டியில் போய் அந்த முனை உட்கார்ந்துகொண்டால்? வெளிநாட்டு பையர்கள் இந்த விஷயத்தில் இம்மியும் இறங்கி வரமாட்டார்கள்.

நோட்டு போட்ட முதல் இரண்டு மாதம் அது வெள்ளையாகவே இருந்தது. அத்தனை நாளும் ஒரு ஊசிகூடவா உடையாமல் இருந்திருக்கும்? ஒருநாள் ஓவர்லாக் ஓட்டும் அக்காவின் பர்ஸ் கீழே விழுந்து, ஆறு புது ஊசி சிதறியது. சொந்தக் காசில் கடையில் வாங்கியவை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பதறவே இல்லை.

“தம்பி, பீஸுக்குத்தான் கூலி தர்றீங்க. அரை மணி நேரம் கீழ உக்காந்து முனை தேடுனா அந்தக் கூலிய யாரு தருவா? பத்து ரூபா ஊசி எனக்கு லாபமுங்க.”

என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே, தேடும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நோட்டில் ஒன்பது ஊசி ஏறியது.

ஒன்பதில் ஐந்து, ஏழாம் நம்பர் மெஷினில் உடைந்தவை. அதை ஓட்டும் பெண்ணுக்குக் கைப்பக்குவம் போதாது என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். மெக்கானிக் திறந்து பார்த்தார். நூலைக் கோக்கும் லூப்பர் ஊசியில் உரசிக்கொண்டிருந்தது. டைமிங் சரிசெய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் செக்கிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. பையருக்காகச் செக்கிங் வருகிறவர் எல்லாப் பீஸையும் புரட்டிப் பார்ப்பதில்லை. 2,000 பீஸ் லாட்டில் 125 உருவிப் பார்ப்பார். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை வரம்பு) 2.5 கணக்கில் பெரிய குறை 7 வரை பாஸ். 8 ஆனால் லாட் திரும்பிவிடும். ஊசித் துண்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை, ஒன்று அகப்பட்டாலே போச்சு. அவர் கண்ணில் படாத 1,875 பீஸுக்கு எங்கள் வேலைமுறைதான் காவல்.

நேரத்துக்கு யார் காசு தருவது என்ற இதே கதைதான் துணியிலும். ரோலில் இழுத்துச் சுற்றி வரும் பின்னல் துணியைப் பிரித்து ஒரு நாள் ஆறப்போடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கி அளவு குறையும். எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் “இன்னிக்கே வெட்டுங்க” என்று போன் வரும். அந்த ஒரு நாளை டெலிவரி தேதியில் சேர்த்துத் தருபவர்களின் கட்டிங் வேலையை மட்டும் இப்போது எடுக்கிறேன்.

என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களே, நோட்டு வாங்குவதற்கு முன், தேடும் நேரத்துக்கான கூலியை முடிவு செய்துவிடுங்கள். எங்களிடம் அது மாதம் நானூறு ரூபாயைத் தாண்டியதில்லை.